பழைய டிராக்டரில் கியர் மக்கர் செய்தால்: பெட்டியைப் பிரிக்கும் முன் பார்க்க வேண்டியவை

கியர் விழவில்லை, கத்துகிறது, எகிறுகிறது என்றதும் பலருக்கும் முதலில் தோன்றுவது "பாக்ஸ் போச்சு, இறக்கிடலாம்" என்பதுதான். பழைய டிராக்டரைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் அவசர முடிவு. ஐம்பது அறுபது வருஷம் உழைத்த வண்டியாக இருந்தாலும் உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள் நாம் நினைப்பதைவிட முரட்டு ஆசாமிகள். அவற்றைச் சுற்றி இருக்கும் லிவர், பின், கிளட்ச் ராடு, பொடி ஸ்பிரிங், ஆயில் இதெல்லாம்தான் முதலில் தளர்ந்துபோகும். அதனால் வெளியிலிருந்து உள்ளே என்ற வரிசையை விடாதீர்கள். கீழே கோளாறு வாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்கள் வண்டி என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம், ஆனால் அதற்கு முன்னால் அடுத்த இரண்டு பகுதிகளை மட்டும் படித்துவிடுங்கள்.

நான் பேசுவது கிளட்ச் பெடலும் கை லிவரும் உள்ள சாதாரண கியர் பெட்டியைப் பற்றி. 1959-ல் வந்த ஃபோர்டு செலக்ட்-ஓ-ஸ்பீடு மாதிரி ஆயில் அழுத்தத்தில் கியர் மாறும் வண்டிகளின் வைத்தியம் முற்றிலும் வேறு, அதை இதோடு கலக்க வேண்டாம்.

கை வைப்பதற்கு முன்

வண்டி சமதளத்தில் நிற்கட்டும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள், பின்னால் மாட்டியிருக்கும் கருவியைத் தரையில் இறக்கிவிடுங்கள், மூடியைத் திறப்பதாக இருந்தால் பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள். கியர் கோளாறு உள்ள வண்டியில் "லிவர் நியூட்ரலில் இருக்கிறது" என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது என்பதை மனதில் வையுங்கள். லிவர் நியூட்ரலில் நிற்கும், உள்ளே ஒரு கியர் விழுந்தே இருக்கும். இந்த நிலையில் தரையில் நின்றுகொண்டு ஸ்டார்ட்டர் முனைகளில் ஸ்க்ரூடிரைவரை வைத்து ஷார்ட் செய்து கிளப்பினால், வண்டி நம் மேலேயே ஏறிவிடும். இப்படி உயிர் போனவர்கள் உண்டு. 1946 முதல் 1956 வரை வந்த ஃபெர்குசன் டிஇ20-ல் கியர் லிவரையே ஸ்டார்ட் நிலைக்குத் தள்ளினால்தான் ஸ்டார்ட்டர் சுற்றும். ஃபோர்டு 9என் வண்டியிலும் லிவர் நியூட்ரலுக்கு வராமல் பட்டனை அமுக்க முடியாது. இந்தப் பாதுகாப்பை யாராவது முந்தைய உரிமையாளர் தட்டிக்கழித்து ஒயரிங் செய்திருந்தால், கியரைப் பார்ப்பதற்கு முன் அதைச் சரி செய்யுங்கள்.

முதல் சோதனை: இன்ஜினை நிறுத்திவிட்டுப் போட்டுப் பாருங்கள்

எந்தக் கோளாறாக இருந்தாலும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இன்ஜின் ஓடாத நிலையில், கிளட்சை அமுக்கி, ஒவ்வொரு கியராகப் போட்டு எடுங்கள். பல்லும் பல்லும் நேருக்கு நேர் முட்டி நின்றால் ஒன்றிரண்டு கியர் விழாது, அது கோளாறில்லை. வண்டியைக் கொஞ்சம் முன்பின் அசைத்துவிட்டு மறுபடி போட்டால் விழுந்துவிடும்.

நின்ற வண்டியில் எல்லாம் சுகமாக விழுகிறது, இன்ஜின் ஓடும்போது மட்டும் தகராறு என்றால் குற்றவாளி கிளட்ச். கியர் பாக்ஸ் இல்லை. நின்ற வண்டியிலேயே லிவர் கடினமாக இருக்கிறது, சில கியர் பக்கமே போக மறுக்கிறது என்றால் லிவர், செலக்டர் ராடு (லிவரின் அசைவைப் பெட்டிக்குள் கொண்டுபோகும் கம்பி), ஆயில் இவற்றைப் பாருங்கள். போட்டால் விழுகிறது, ஆனால் வேலையின்போது தானாக வெளியே வருகிறது என்றால் அது மூன்றாவது வகை, அதற்குத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

இன்ஜின் ஓடும்போது எல்லா கியரும் நறநறவென்று கத்துகிறது, ரிவர்ஸ் ரொம்ப மோசம்

இன்ஜினை மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, நியூட்ரலில் பெடலை அடிவரை அமுக்கி, மனதுக்குள் பத்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் கிளட்ச் விடுகிறது, உங்கள் கைதான் அவசரப்படுகிறது. கிளட்சை அமுக்கிய பிறகும் உள்ளே ஷாஃப்ட் தன் வேகத்தில் கொஞ்ச நேரம் சுற்றும், அது அடங்கும்வரை பொறுக்க வேண்டும். ஜான் டீர் இரண்டு சிலிண்டர் வண்டிகளில் கை கிளட்ச் லிவரை முழுக்கப் பின்னால் இழுத்தால் ஒரு பிரேக் புல்லியைப் பிடித்து நிறுத்துவது இதற்காகத்தான். அந்த பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் நல்ல கிளட்சாக இருந்தாலும் கியர் கத்தத்தான் செய்யும்.

பத்து எண்ணியும் கத்துகிறது என்றால் கிளட்ச் முழுசாக விடவில்லை. ஆனால் அந்த முடிவுக்கு வருவதற்கு முன், பி.டி.ஓ. (பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் ஷாஃப்ட்) சுற்றிக்கொண்டிருந்ததா என்று யோசியுங்கள். டிஇ20, ஃபோர்டு 8என் போன்ற ஒற்றை கிளட்ச் வண்டிகளில் பி.டி.ஓ. கியர் பெட்டி வழியாகத்தான் ஓடுகிறது. பின்னால் கனமான புல்வெட்டி சுற்றிக்கொண்டிருந்தால், கிளட்சை அமுக்கிய பிறகும் அந்தச் சுழலும் கனம் பெட்டிக்குள் ஷாஃப்டைத் திருப்பிச் சுற்றும். கியர் கத்தும் என்பது மட்டுமில்லை, கியரில் இருந்தால் கிளட்ச் அமுக்கியும் வண்டி நிற்காமல் முன்னே தள்ளிக்கொண்டு போகும். இதற்கு கிளட்சைக் கழற்றிப் பயனில்லை. பி.டி.ஓ. ஷாஃப்டில் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் ஓவர்ரன்னிங் கப்ளிங் மாட்டினால் தீர்ந்தது. நான் என்றால் கியர் கத்துகிறதோ இல்லையோ, அது இல்லாமல் அந்த மாதிரி வண்டியில் புல்வெட்டி ஓட்டமாட்டேன்.

சரி, பி.டி.ஓ. இல்லாமலும் கத்துகிறது. இப்போது ஒருவரை மேலே உட்கார வைத்து பெடலை மெதுவாக அமுக்கச் சொல்லுங்கள், நீங்கள் கீழே கிளட்ச் ஹவுசிங்குக்குப் பக்கவாட்டில் இருக்கும் ரிலீஸ் ஆர்மை மட்டும் பாருங்கள், அதுவும் இன்ஜின் நின்ற நிலையில். பெடல் பாதி தூரம் இறங்கியும் ஆர்ம் அசையவே இல்லை என்றால் அந்தப் பாதி எங்கே தொலைகிறது என்று ஒவ்வொரு இணைப்பாக விரலை வைத்துப் பாருங்கள். பெடலுக்கும் ராடுக்கும் நடுவில் இருக்கும் பின் நடுவில் இடுப்பு ஒடுங்கியிருக்கும், அது நுழையும் ஓட்டை வட்டத்திலிருந்து முட்டை வடிவத்துக்கு மாறியிருக்கும், பெடல் ஷாஃப்டின் புஷ் ஆடும். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான், நாலு இடம் சேர்ந்தால் கிளட்ச் விடுவதற்கு வேண்டிய தூரமே போய்விடுகிறது. புது பின், ஓட்டைக்குப் பற்றவைத்து மறுபடி துளை, அல்லது புது புஷ், அவ்வளவுதான் வேலை. இதைச் செய்யாமல் ராடை மட்டும் இறுக்கி ஃப்ரீ பிளேயை (பெடல் ஆரம்பத்தில் சும்மா நகரும் தூரத்தை) தின்றுவிட்டால் கியர் கத்துவது நிற்கும், ஆனால் ரிலீஸ் பேரிங் எந்நேரமும் கிளட்ச் பிரஷர் பிளேட்டின் விரல்களில் உரசிக்கொண்டே இருந்து சீக்கிரம் போய்விடும். பல பழைய வண்டிகளில் பெடல் நுனியில் சுமார் 20 முதல் 25 மில்லிமீட்டர் ஃப்ரீ பிளே வேண்டும்; உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு.

ஆர்ம் ஒழுங்காக முழு தூரம் போகிறது, ஆனாலும் கத்துகிறது என்றால் சிக்கல் ஹவுசிங்குக்கு உள்ளே. மாதக்கணக்கில் மழையிலும் ஈரத்திலும் நின்ற வண்டி என்றால் கிளட்ச் பிளேட் துருப்பிடித்து ஃபிளைவீலோடு ஒட்டியிருக்கலாம். இது பெரும்பாலும் பிரிக்காமலே விடுபடும். இன்ஜினை நியூட்ரலில் நன்றாகச் சூடாக ஓடவிட்டு, நிறுத்தி, பெடலை அடிவரை அமுக்கி ஒரு கட்டையால் முட்டுக்கொடுத்து ஒரு ராத்திரி விடுங்கள். விடவில்லை என்றால் கீழே இருக்கும் பார்வை மூடியைக் கழற்றி, பிளேட்டின் ஓரத்தில் மெல்லிய தகட்டை நுழைத்து, ஃபிளைவீலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே சுற்றிலும் நெம்பிப் பாருங்கள். ஆள் நடமாட்டமில்லாத வெட்டவெளியில் உயர் கியரில் ஓட்டி, பெடலை அமுக்கிக்கொண்டே பிரேக் போட்டு உடைக்கும் பழக்கமும் உண்டு. வேலை செய்யும்தான், ஆனால் பிரேக் நன்றாக இருந்து முன்னால் பெரிய இடம் இருந்தால் மட்டும். அப்புறம், வண்டியை நீண்ட நாள் நிறுத்தும்போது பெடலைக் கட்டையால் அமுக்கியே வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே வராது.

அதே பார்வை மூடி வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள், பெடல் அமுங்கிய நிலையில். பிளேட்டுக்கு இரண்டு பக்கமும் மெல்லிய இடைவெளி தெரிந்தும் கியர் கத்துகிறது என்றால், ஃபிளைவீலின் நடுவில் இருக்கும் பைலட் பேரிங் இறுகிப்போய் ஷாஃப்டைச் சேர்த்துச் சுற்றுகிறது. ஒரு பக்கம் மட்டும் இடைவெளி இருந்தால் பிரஷர் பிளேட்டின் விரல்கள் ஒரே உயரத்தில் இல்லை, அல்லது பிளேட் வளைந்திருக்கிறது. புது கிளட்ச் போட்ட மறுநாளே இந்தப் புகார் வந்தால் பிளேட்டை முன்பின் மாற்றிப் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். அப்படிப் போட்டால் நடுக்குமிழ் ஃபிளைவீல் போல்ட்டில் இடிக்கும். ஷாஃப்டின் வரிப்பற்களில் கிரீஸை அப்பிவைத்திருந்தாலும் பிளேட் நகராமல் ஒட்டும்.

ஓடும்போது மாற்றினால் கத்துகிறது, நின்று மாற்றினால் இல்லை

இது கோளாறே இல்லை. ஃபார்மால் எம் காலத்து வண்டிகளில் பல்சக்கரமே ஷாஃப்டில் நகர்ந்து போய் இன்னொரு பல்சக்கரத்தில் நுழைகிறது, வேகத்தைச் சமப்படுத்தித் தரும் சிங்க்ரோ வளையம் எதுவும் கிடையாது. நிறுத்தி மாற்றுங்கள்.

போட்ட கியர் தானாக வெளியே எகிறுகிறது

இதில்தான் ஆட்கள் தப்பான குறுக்குவழிக்குப் போவார்கள். லிவரைத் தொடையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு ஓட்டுவது, ரப்பர் டியூபால் இழுத்துக் கட்டுவது. அப்படிப் பிடிக்கும்போது உள்ளே பல்சக்கரத்தை நகர்த்தும் கவையான ஃபோர்க்கின் கன்னம் சுற்றும் பல்சக்கரத்தின் காடியில் இடைவிடாமல் உரசுகிறது. ஸ்பிரிங் மாற்றினால் தீர்ந்திருக்கும் கோளாறு ஃபோர்க்கையும் தின்றுவிடும். பாரவண்டியோடு இறக்கத்தில் எகிறினால் இன்ஜின் பிடிமானமே போய்விடும், அந்த வேகத்தில் மறுபடி கியர் போடவும் முடியாது. எகிறும் வண்டியை மேடு பள்ளத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

எந்தெந்தக் கியர் எகிறுகிறது என்று முதலில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கியர் மட்டும் என்றால் அந்தப் பல்லோ, செலக்டர் ராடில் அந்தக் கியருக்கான பள்ளமோ தேய்ந்திருக்கிறது. லிவரின் ஒரே வரிசையில் முன்னும் பின்னுமாக இருக்கும் இரண்டு கியரும் எகிறினால், அவை இரண்டும் ஒரே செலக்டர் ராடில் ஓடுகின்றன, அந்த ராடைப் பிடித்துவைக்கும் குண்டு, ஸ்பிரிங், ஃபோர்க் மேல் சந்தேகம். எல்லாமே எகிறினால் ஷாஃப்டே முன்பின் ஆடுகிறது என்று பொருள். பேரிங் போயிருக்கலாம், அல்லது இன்ஜினையும் பெட்டியையும் சேர்க்கும் போல்ட்கள் தளர்ந்து இரண்டும் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் இருக்கலாம். அந்த போல்ட்களைச் சுற்றி ஸ்பானர் வைத்துப் பார்க்க அதிக நேரம் ஆகாது, முதலில் அதைச் செய்யுங்கள்.

அதைவிடச் சுலபமான ஒன்று இருக்கிறது. லிவர் முழு தூரம் போகிறதா? புது சீட், தடித்த தரை ரப்பர், பெரிதாக வாங்கிப் போட்ட லிவர் ரப்பர் பூட், பின்னாளில் மாட்டிய கேபின் தகடு, இதில் ஏதாவது ஒன்று லிவரை ஒரு விரல்கடை முன்னாலேயே தடுத்துவிட்டால் பல் பாதிதான் நுழையும். பாதி நுழைந்த பல் பாரம் வந்ததும் வெளியே வரத்தான் செய்யும். ரப்பர் பூட்டைத் தூக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்தது குண்டு, ஸ்பிரிங். செலக்டர் ராடில் ஒவ்வொரு கியர் நிலைக்கும் ஒரு பள்ளம் இருக்கும், ஸ்பிரிங் தள்ளும் ஒரு குண்டு அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்து ராடைப் பிடித்துவைக்கும். லிவரைக் கியருக்குள் தள்ளும்போது கையில் ஒரு "டக்" தெரிய வேண்டும். அந்த டக் இல்லாமல் வழவழவென்று போனால் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது அல்லது தளர்ந்திருக்கிறது. பல வண்டிகளில் இந்த ஸ்பிரிங்கை வெளியிலிருந்தே ஒரு பிளக்கைக் கழற்றி எடுக்கலாம், மூடியைத் தூக்கத் தேவையில்லை. எல்லா ஸ்பிரிங்கையும் எடுத்து ஒரு தட்டையான பலகையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி வையுங்கள். ஒன்று மட்டும் குட்டையாக இருந்தால் அதுதான். இழுத்து நீட்டிப் போடுவதில் பிரயோஜனமில்லை, கொஞ்ச நாளில் மறுபடி படுத்துவிடும். அடியில் வாஷர் போட்டு உயர்த்துவதும் அப்படித்தான், அதிலும் பல் தேய்ந்து எகிறும் வண்டியில் வாஷர் போட்டால் கோளாறு மறைந்திருக்கும், தீர்ந்திருக்காது. குண்டின் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தால் குண்டையும் மாற்றுங்கள். பள்ளத்தின் ஓரம் வழிந்து சரிவாகியிருந்தால் ராடையே மாற்ற வேண்டும்.

வெளியிலிருந்து ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் மூடியைத் திறக்கத்தான் வேண்டும். திறந்ததும் பல்சக்கரத்தைப் பார்க்காதீர்கள், ஃபோர்க்கை ராடோடு பூட்டியிருக்கும் திருகைப் பாருங்கள். பழைய பெட்டிகளில் அந்தத் திருகின் தலையில் ஒரு பொடி ஓட்டை இருக்கும், அதன் வழியாக ஒரு பூட்டுக் கம்பி போய் முறுக்கிக் கட்டியிருக்கும். முன்பு யாரோ வேலை பார்த்துவிட்டுக் கம்பியைக் கட்டாமல் விட்டிருந்தால் திருகு மெல்ல மெல்லத் தளர்ந்து, ராடு முழு தூரம் போகும், ஃபோர்க் மட்டும் கொஞ்சம் பின்தங்கி நிற்கும். வெளியே லிவரில் டக் சரியாகவே தெரியும், அதுதான் ஆளை ஏமாற்றும். திருகை இறுக்கி, புதுக் கம்பி போட்டு, திருகு கழலும் திசைக்கு எதிராக இழுக்கும்படி முறுக்குங்கள். பழைய கம்பியை மறுபடி வளைத்துக் கட்ட வேண்டாம், அது அறுந்து பல்லுக்கு நடுவில் விழும்.

ஃபோர்க்கின் இரண்டு கன்னமும் ஒரே தடிமனாக இருக்கிறதா, ஒன்று மட்டும் பளபளவென்று தேய்ந்து கத்திபோல இருக்கிறதா என்று பாருங்கள். கையால் கியரைப் போட்டு, பல் முழு அகலத்துக்கும் நுழைகிறதா என்று பாருங்கள். பல்லில் மார்க்கிங் நீலமோ மெல்லிய கிரீஸோ தடவி ஒரு சுற்று சுற்றினால் எங்கே படுகிறது என்பது தெளிவாகத் தெரியும். பல்லின் முகம் நேராக இல்லாமல் நுனியை நோக்கி ஒடுங்கியிருந்தால் அதுதான் கடைசி, மோசமான காரணம். ஒடுங்கிய பல் பாரம் வந்ததும் தன்னைத்தானே வெளியே தள்ளும். ஏற்றத்தில் இழுக்கும்போது மட்டும் எகிறினால் பல்லின் இழுக்கும் பக்கமும், இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டதும் எகிறினால் மறுபக்கமும் தேய்ந்திருக்கும். இதற்கு ஸ்பிரிங் மருந்தில்லை, இரண்டு பல்சக்கரத்தையும் ஜோடியாக மாற்றுங்கள். ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் பழையது புதியதைத் தன் வடிவத்துக்கு இழுத்துவிடும். கிரைண்டரால் பல்லின் முகத்தைத் தேய்த்துச் "சரி" செய்பவரிடம் வண்டியை விடாதீர்கள். கத்திக் கத்தி நசுங்கிய ஓரத்துப் பிசிறை எண்ணெய்க் கல்லால் எடுப்பது வேறு, அது தாராளமாகச் செய்யலாம்.

லிவர் நடுவில் சிக்கி நிற்கிறது, அல்லது கிளட்சை விட்டதும் இன்ஜின் அணைந்துவிடுகிறது

லிவர் நியூட்ரலில் இருப்பதுபோல் இருக்கிறது, ஆனால் கிளட்சை விட்டதும் வண்டி நகராமல் இன்ஜின் திணறி நிற்கிறது என்றால் உள்ளே ஒரே நேரத்தில் இரண்டு கியர் விழுந்திருக்கிறது. லிவரின் அடி நுனி செலக்டர் ராடின் காடியிலிருந்து நழுவிவிட்டால் இப்படி ஆகும். சம்மட்டியால் லிவரை அடிப்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம், ஃபோர்க் வளைந்துவிடும்.

இன்ஜினை நிறுத்தி, லிவர் உட்கார்ந்திருக்கும் மேல் கூண்டைக் கழற்றுங்கள். உள்ளே இரண்டோ மூன்றோ காடிகள் வரிசையாகத் தெரியும். எல்லாமே ஒரே கோட்டில் இருந்தால் அது நியூட்ரல். ஒன்று முன்னாலோ பின்னாலோ விலகியிருந்தால் பெரிய ஸ்க்ரூடிரைவரால் நெம்பி மற்றவற்றோடு கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். வண்டி உடனே ஓடும். இதோடு விட்டால் அடுத்த வாரமும் இதே வேலைதான், ஏன் நழுவியது என்பதைப் பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டும். லிவரின் அடிக் குமிழ் தேய்ந்து ஒல்லியாகியிருக்கும், அதற்குப் பற்றவைத்து மேடாக்கி, அரத்தால் காடியின் அளவுக்குத் தேய்த்துக்கொள்ளலாம். காடியில் பிடிக்காமல் சுகமாக நகர வேண்டும், அதிகமாக ஆடவும் கூடாது. லிவரைப் பிடித்துவைக்கும் பந்து மூட்டும் அதன் கிண்ணமும் தேய்ந்தால் லிவர் முழுக்க மேலெழும்பி நுனி எட்டாமல் போகும், மேலே இருக்கும் ஸ்பிரிங் உடைந்தாலும் இதேதான். லிவர் தன் அச்சில் வட்டமாகச் சுற்றுகிறதா? அதைத் தடுக்கும் சின்னப் பின் உடைந்திருக்கிறது. கடைசியாக, இரண்டு ராடுகளுக்கு நடுவில் ஒரு பின்னோ குண்டோ இருக்கும், ஒரு ராடு நகர்ந்தால் மற்றதைப் பூட்டுவது அதன் வேலை. லிவர் நன்றாக இருந்தும் இரண்டு கியர் விழுகிறது என்றால் அது தேய்ந்திருக்கிறது, அல்லது கடைசியாகப் பிரித்தவர் அதைத் திரும்பப் போடவே இல்லை. இது அடிக்கடி நடக்கும்.

லிவர் பக்கவாட்டில் இருந்து நீளமான ராடுகள் வழியாக வேலை செய்யும் வண்டியில் ராடின் நீளத்தைப் பாருங்கள். லிவரின் நியூட்ரலும் பெட்டியின் நியூட்ரலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

சரிவில் கியரில் நிறுத்தியது, இப்போது கியர் வெளியே வரவில்லை

வண்டியின் கனம் பல்லின் மேல் அழுத்திப் பிடித்திருக்கிறது. பிரேக்கை உறுதியாக வைத்து, கட்டை கொடுத்து, கிளட்சை அமுக்கி வண்டியை லேசாக முன்பின் ஆட்டினால் அழுத்தம் விலகி லிவர் தானாக வரும். கிளட்ச் அமுக்கியும் வரவில்லை என்றால் கிளட்ச் பிளேட் ஒட்டியிருக்கிறது, மேலே சொன்ன வைத்தியத்துக்குப் போங்கள்.

காலையில் லிவர் கல்லாக இருக்கிறது, ஓடிச் சூடானதும் சரியாகிறது

ஆயில். கெட்டியான ஆயில், தப்பான ஆயில், அல்லது தண்ணீர் கலந்த ஆயில். லிவர் ரப்பர் பூட் கிழிந்த வண்டி மழையில் நின்றால் தண்ணீர் நேராகப் பெட்டிக்குள்தான் போகும். போதாததற்கு சூடும் குளிரும் மாறி மாறி வரும்போது உள்சுவரிலும் ஈரம் படியும். அளவுக் குச்சியில் ஆயில் பால்காபி நிறத்தில் வந்தால் சந்தேகமே வேண்டாம். உறைபனி விழும் ஊர்களில் இந்தத் தண்ணீர் அடியில் பனிக்கட்டியாகி பல்சக்கரத்தையே பூட்டிவிடும்.

வண்டியை ஒரு ராத்திரி அசையாமல் நிறுத்திவிட்டு, காலையில் கிளப்பாமலே டிரெயின் பிளக்கை முழுக்கக் கழற்றாமல் இழை இழையாகத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம், அதனால் அடியில் தங்கியிருக்கும், முதலில் அதுதான் சொட்டும். தெளிந்த தண்ணீராகச் சொட்டி, அப்புறம் ஆயில் வந்தால் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்பதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து அளந்தே பார்க்கலாம். பால்போல முழுக்கக் கலந்துவிட்ட ஆயில் இப்படிப் பிரியாது, அதை முழுக்க வடித்துக் கொட்டுவதைத் தவிர வழியில்லை. வண்டியைக் கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு வடித்தால் அடி வண்டலும் சேர்ந்து வரும். பிறகு ரப்பர் பூட்டை மாற்றுங்கள், இல்லாவிட்டால் புது ஆயிலும் இதே கதிதான்.

எந்த ஆயில் ஊற்றுவது என்பதில் ஒரு எச்சரிக்கை. ஃபெர்குசன் வகை வண்டிகளில் கியர், பின் ஆக்சில், ஹைட்ராலிக் லிஃப்ட் எல்லாம் ஒரே தொட்டி ஆயிலில் வாழ்கின்றன. "கியர் பாக்ஸ்தானே" என்று கண்டதையும் ஊற்றினால் லிஃப்ட் பம்பும் அதைத்தான் குடிக்க வேண்டும். ஆயிலுக்குள் ஓடும் பிரேக் உள்ள வண்டிக்குச் சாதாரண கியர் ஆயில் ஊற்றினால் பிரேக் கத்தும், நழுவும். அதற்கென்றே வரும் டிராக்டர் டிரான்ஸ்மிஷன் ஆயில்தான் வேண்டும். பித்தளை, வெண்கல புஷ்ஷோ சிங்க்ரோ வளையமோ உள்ள பெட்டிக்கு ஜி.எல்-5 ரகக் கியர் ஆயிலைவிட ஜி.எல்-4 ரகம் பாதுகாப்பு, ஏனென்றால் ஜி.எல்-5-ல் அதிகமாகச் சேர்க்கும் கந்தக வேதிப்பொருள் சூட்டில் மஞ்சள் உலோகத்தை அரிக்கக்கூடும்.

பிளக்கைக் கழற்றிய கையோடு அதில் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். காந்தம் உள்ள பிளக்கில் கருஞ்சாம்பல் பசைபோல ஒட்டியிருந்தால் வயதுக்கு அது சகஜம். விரலில் குத்தும் செதில், பல்லின் முக்கோண மூலை, ஊசி பேரிங்கின் துண்டு கிடைத்தால் பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும். வடித்த ஆயிலில் மஞ்சளாக மினுமினுத்தால் எங்கோ புஷ்ஷோ வாஷரோ கரைகிறது, அது காந்தத்தில் ஒட்டாது, ஆயிலைத் துணியில் வடிகட்டித்தான் பார்க்க வேண்டும்.

சத்தம் மட்டும்

நியூட்ரலில் உறுமுகிறது, கிளட்சை அமுக்கினால் நிற்கிறது: பெட்டியின் முன்பக்க ஷாஃப்ட் பேரிங். அமுக்கினால்தான் சத்தம் வருகிறது: ரிலீஸ் பேரிங் அல்லது பைலட் பேரிங். ஒரே ஒரு கியரில் மட்டும் சீரான "டிக் டிக்", வேகம் கூடக் கூட நெருக்கமாகிறது: ஒரு பல் உடைந்திருக்கிறது, ஓட்டத்தை உடனே நிறுத்துங்கள், உடைந்த துண்டு இன்னொரு பல்லுக்கு நடுவில் போனால் பெட்டியின் சுவரே வெடிக்கும்.

ஹை-லோ லிவர் தொல்லை

மாஸ்ஸி ஃபெர்குசன் 135-ல் முக்கிய கியருக்குப் பின்னால் ஒரு பிளானட்டரி தொகுதி இருந்து வேகத்தை இரண்டாகப் பிரிக்கிறது. அதன் லிவரை வண்டி முழுசாக நின்ற பிறகுதான் மாற்ற வேண்டும். ஓட்டத்தில் இழுத்துப் பழகிய வண்டியில் நகரும் கப்ளரின் பல் உருண்டுபோய், லோவிலிருந்து எகிற ஆரம்பிக்கும். முக்கிய கியர் எல்லாம் நன்றாக இருந்து, லோவில் எந்தக் கியர் போட்டாலும் எகிறுகிறது, ஹையில் இல்லை என்றால் முக்கிய பெட்டியைத் தொடாதீர்கள்.

1954 முதல் வந்த சில ஃபார்மால்களில் டார்க் ஆம்ப்ளிஃபயர் என்ற கூடுதல் லிவர் உண்டு. அதை மெதுவேக நிலைக்கு இழுத்தால் உள்ளே ஒருவழி கிளட்ச் வேலை செய்யும், அதாவது இறக்கத்தில் வண்டி இன்ஜின் பிடியில்லாமல் உருளும். கியர் எகிறவில்லை, அதன் அமைப்பே அப்படி. இறக்கத்துக்கு முன்னால் லிவரை நேர் நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

கை டில்லர், அறுவடை இயந்திரம்

பெல்ட்டை இறுக்கித் தளர்த்தும் கிளட்ச் உள்ள கை டில்லரில் கியர் கத்தினால், பெல்ட் தளர்ந்ததும் புல்லியிலிருந்து விலகி நிற்கச் செய்யும் கம்பிக் காவல் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் பெல்ட் புல்லியை உரசிக்கொண்டே சுற்றும். பழைய அறுவடை இயந்திரங்களில் கியர் கேபிள் உறைக்குள் துருப்பிடித்து இறுகுவதுதான் அதிகம். கேபிளின் பெட்டிப் பக்க முனையைக் கழற்றி, கையால் நேரடியாகக் கியரை நகர்த்துங்கள். சுகமாக நகர்ந்தால் கேபிளை மாற்றுங்கள்.

திறந்துவிட்டால் மூடும்போது

ராடை உருவும்போது குண்டும் ஸ்பிரிங்கும் துப்பாக்கி ரவை மாதிரி பறக்கும், மேலே ஒரு துணியைப் போட்டுக்கொண்டே இழுங்கள். பெட்டியையும் இன்ஜினையும் பிரிக்க நேர்ந்தால், பிரிப்பதற்கு முன்னால், முன் ஆக்சிலுக்கும் அதன் மேல் தாங்கிக்கும் நடுவில் இரண்டு பக்கமும் மர ஆப்பு அடித்துக்கொள்ளுங்கள். முன் ஆக்சில் நடுவில் ஒரே ஒரு பின்னில் ஆடுவதால், ஆப்பு இல்லாமல் பிரித்தால் இன்ஜின் பக்கவாட்டில் சாய்ந்து விழும். ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள்.

மேல் மூடியை வைக்கும்போது பெட்டியும் லிவரும் இரண்டுமே நியூட்ரலில் இருக்க வேண்டும், ஒவ்வொரு ஃபோர்க்கும் தன் காடியில் உட்கார்ந்த பிறகு போல்ட்டை விரலால் மட்டும் போட்டுவிட்டு எல்லா கியரையும் ஒருமுறை போட்டு எடுங்கள். ஒன்று விடுபட்டாலும் இந்த நிலையில் தூக்கிச் சரி செய்வது சுலபம், சீட்டும் ஸ்டியரிங் பெட்டியும் ஏற்றிய பிறகு இல்லை. அப்புறம் இறுக்கி, ஆயிலை லெவல் பிளக் வரை ஊற்றி, பாரமில்லாமல் கொஞ்ச நேரம் எல்லா கியரிலும் ஓட்டிவிட்டு நிறுத்தி, லெவலை மறுபடி பாருங்கள். உள் அறைகளுக்கெல்லாம் ஆயில் பரவியதும் மட்டம் இறங்கியிருக்கும், அந்தக் குறையை ஊற்றி நிரப்புங்கள்.